அண்ணி கேட்ட அறை

1

இன்று காலை வந்த கடிதத்தை இன்று காலையே பிரித்துவிட்டேன். உங்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை என்று தெரியும். எனக்கு, கோயமுத்தூருக்கு எழுதிச் சொல்லும் அளவுக்குப் பெரிய செய்தி.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகரத்தில். வாடகை வீடு. வருடத்துக்கு இரண்டு முறை வீட்டைப் பார்க்க ஏஜென்சியிலிருந்து ஆள் வருவார். தேதியைக் கடிதத்தில்தான் சொல்வார்கள். இங்கே எல்லாமே கடிதம். மின்சாரம், வரி, குப்பை வண்டி, பள்ளிக்கூடம், பல் டாக்டர் எல்லாம் கவர்தான். பதினேழு வருடங்களாக அந்தக் கவர்களை நான் மைக்ரோவேவ் மேல் அடுக்கி வைத்தேன். அங்கே இடம் தீர்ந்ததும் ஒரு பையில் போட்டேன். பை நிறைந்ததும் பையை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அங்கே எந்த டிராயரில் எந்த ஊசி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஒரே நேரத்தில் நான்கு பேர் கூப்பிட்டாலும் பதறமாட்டேன். வீட்டுக்கு வந்தால் கத்தரிக்கோல் எங்கே என்று தெரியாது. எங்கள் வீட்டில் ஏழு கத்தரிக்கோல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும், முந்தையது கிடைக்காமல் வாங்கியது.

நாற்பத்து நான்கு வயதில்தான் அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. குழந்தைகளுக்கு வருவது என்று நர்ஸாகிய நானே நினைத்திருந்தேன். டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார்: "ஒரு அறையை ஒழுங்கு பண்ணணும்னா எங்கே ஆரம்பிப்பீங்க?" யோசித்தேன். எல்லா மூலையும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிடுவது போல இருந்தது. ஒரு டம்ளரை எடுத்துச் சமையலறைக்குப் போனால் அங்கே காய்ந்த செடி. செடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் ஈரத் துணி. துணியைக் காயப் போட்டுத் திரும்பினால் டம்ளர் மாடிப்படியில் நிற்கும். இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டு, "சோம்பேறியா இருந்தா இவ்வளவு களைச்சுப் போகமாட்டீங்க" என்றார்.

அப்போது என் மகள் மிதுனாவுக்குப் பதின்மூன்று. தோழிகளை அவள் வீட்டுக்கு அழைத்து வந்ததே இல்லை. நான் கேட்டபோது போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "பரவாயில்லம்மா, நான் அவங்க வீட்டுக்கே போய்க்கறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

2

கோயமுத்தூரில், கணபதி பகுதியில், எங்கள் வீட்டின் முன்பக்கம் அண்ணனின் லேத் பட்டறை. பின்னால் ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. அதையடுத்து என் அறை. கல்யாணத்துக்கு முன் அது எனக்குப் படிக்கிற அறை. வெளிநாடு போனபோது பூட்டிவிட்டுப் போனேன். ஒவ்வொரு லீவுக்கும் வந்து அதில் தங்கி, இன்னும் இரண்டு பெட்டிச் சாமானைச் சேர்த்துவிட்டு மறுபடி பூட்டிப் போவேன். எட்டு வருடங்களுக்கு முன் அம்மா போனதும் அம்மாவின் சேலை, பாத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அதிலேயே கொண்டு போய் வைத்தேன். "அடுத்த தடவை நான் வந்து பிரிக்கிறேன் அண்ணி, யாரும் தொட வேண்டாம்" என்றேன்.

அண்ணி பெயர் மகேஸ்வரி. மேட்டுப்பாளையத்துக்காரர். அவருடைய அப்பா அங்கே ஒரு பாக்கு மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அண்ணியின் அம்மா காலமான பிறகு தனியாக இருந்தார். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ஆறு வருடங்களுக்கு முன்பே அண்ணி என்னிடம் கேட்டார்: "அம்மணி, அந்த ரூமு சும்மாதான இருக்குதுங்க. அப்பாவைக் கூட்டியாந்து வெச்சுக்கட்டுங்களா?"

"தாராளமா அண்ணி. இந்த லீவுக்கு வந்து காலி பண்ணிக் குடுத்துடறேன்."

அந்த லீவில் செய்யவில்லை. அடுத்த லீவிலும் இல்லை. கதவைத் திறப்பேன், பார்ப்பேன், சாத்துவேன். பிறகு ஊர் சுற்றல், கல்யாணம், காது குத்து என்று நாட்கள் போய்விடும். விமானம் ஏறியதும்தான் ஐயோ என்று இருக்கும். அண்ணி இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். அறையின் சாவி இத்தனை வருடமும் அவர் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. அவர் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை.

போன வருடம் மார்ச்சில் அண்ணன் கூப்பிட்டார். "கண்ணு, மேட்டுப்பாளையத்து மாமா பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாரு. இடுப்பெலும்பு. ஆபரேசன் ஆச்சு. டிஸ்சார்ஜ் பண்ணுனா இங்கதான் கூட்டியாரோணும். அந்த ரூம நாங்களே காலி பண்ணிக்கட்டுமா? அண்ணி கேக்கச் சொன்னா."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதை அண்ணி பார்ப்பதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. "வேண்டாண்ணா, நானே வாரேன்" என்றேன்.

3

அவசர லீவு. ஈஸ்டர் விடுமுறை என்பதால் மிதுனாவும் வந்தாள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்புவதற்கு முன் இரண்டு நாட்கள் மிதுனாவின் ஓ.சி.ஐ. அட்டையைத் தேடினோம். அவளுடையது ஐரிஷ் பாஸ்போர்ட்; அந்த அட்டை இல்லாவிட்டால் இந்தியா வர விசா வேண்டும். விசா விண்ணப்பத்தில் பழைய பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டார்கள். பழைய பாஸ்போர்ட்டையும் தேட வேண்டியதாயிற்று. கடைசியில் ஆன்லைனில் எடுத்த விசா, விமானத்துக்கு முந்தைய நாள்தான் கைக்கு வந்தது. மிதுனாவின் பெட்டி மட்டும் மூன்று நாளுக்கு முன்பே அழகாக அடுக்கப்பட்டு, கதவருகே நின்றது.

கணபதி வீட்டு வாசலில் அண்ணி எங்களைப் பார்த்ததும், "வாங்க கண்ணு, எத்தனை ஒசரமாயிட்டீங்க!" என்று மிதுனாவின் கன்னத்தைத் தொட்டார். மிதுனாவின் தமிழ், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்றது. கூட்டல், கழித்தல் எல்லாம் தெரியும். பெருமையாகச் சொன்னாள்: "அத்தை, நாங்க கழிக்கறதுக்கு வந்திருக்கோம். நிறைய கழிக்கணும். அம்மா ஒன்பது நாளும் கழிப்பாங்க."

அண்ணி ஒரு நொடி விழித்தார். "ஐயோ பாவம், அந்தப் பக்கம் பாருங்க கண்ணு" என்று பாத்ரூமைக் காட்டினார். பட்டறையில் இருந்த அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கும், விஷயம் புரிந்த அண்ணிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்த ஒன்பது நாட்களில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

4

முதல் இரண்டு நாட்களில் உள்ளே இருந்ததில் பாதியை வெளியே எடுத்துப் போட்டேன். ஹால் நிறைந்தது, வராந்தா நிறைந்தது. நடுவில் உட்கார்ந்து நர்ஸிங் காலேஜ் நோட்டு ஒன்றை மூன்று மணி நேரம் படித்தேன். மூன்றாம் நாள், சரியான டப்பாக்கள் இல்லாததுதான் பிரச்சினை என்று தோன்றியது. அது தோன்றியதும் அவ்வளவு உற்சாகம். பஸ் ஏறிக் காந்திபுரம் போய், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் பதினான்கு, வண்ண ஸ்டிக்கர்கள், மார்க்கர் பேனாக்கள் எல்லாம் வாங்கி ஆட்டோவில் கொண்டு வந்து இறங்கினேன்.

அண்ணி ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. செருப்பைக் கழற்றவும் இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"காலி பண்ணோணும்னு வந்துபோட்டு இன்னும் வாங்கியாந்திருக்கீங்களா அம்மணி?"

"அடுக்கறதுக்கு அண்ணி. இதுல வகை வகையாப் பிரிச்சு..."

"எங்கப்பா வெள்ளிக்கிழமை வாராருங்க."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"ஆறு வருசமா இதைத்தானுங்க சொல்றீங்க." குரல் ஏறவே இல்லை. "தனியா இருந்தாரு. விடியாலயிருந்து மத்தியானம் வரைக்கும் அந்த ஈரத்துலயே கெடந்திருக்காருங்க. மத்தியானப் பாலுக்கு வந்த பால்காரன் பாத்துத்தான் சொன்னான். இந்த ரூமு இருந்திருந்தா எங்கூட இருந்திருப்பாரு."

அப்போதுதான் சொன்னேன். எனக்கு இருக்கும் கோளாறை, டாக்டர் சொன்னதை, மாத்திரை சாப்பிடுவதை. அண்ணனுக்குக்கூடச் சொல்லாததை எல்லாம் அந்தச் சாமான்களுக்கு நடுவே நின்று சொன்னேன். அண்ணி முழுக்கக் கேட்டார்.

"நோவுன்னா நோவுதானுங்க. நான் இல்லீங்கல. ஆனா, 'நீயே எடுத்துக்க'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க நோவு?"

"நீங்க பாத்துடுவீங்கன்னு வெக்கமா இருந்துச்சு அண்ணி" என்றேன். அவர் டப்பாக்களை ஓரமாக நகர்த்தி வழி செய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

5

அடுத்த நாள் காலை அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கதவோரம் போட்டார். மடியில் முறம், முறம் நிறையச் சின்ன வெங்காயம். உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க அண்ணி?"

"நீங்க எடுங்க. நான் இங்க உக்காந்திருக்கறேன்."

அவ்வளவுதான். கை வைக்கவில்லை, யோசனை சொல்லவில்லை. நான் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதிக நேரம் நின்றால் மட்டும், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல், "அது யாருக்காவது ஆவுங்களா?" என்பார். ஆகும் என்றால் யாருக்கு என்று சொல்ல வேண்டும். பெயர் சொல்ல முடியாவிட்டால் மூட்டைக்குள் போகும். மதியத்துக்குள் ஒரு சுவர் முழுக்கத் தெரிந்தது. பதினேழு வருடங்களாக நான் பார்க்காத சுவர். பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தால் என் போன்றவர்களுக்குக் கை ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. அண்ணிக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

மிதுனா மூட்டைகளைக் கட்டி வாசலுக்கு இழுத்துப் போனாள். அம்மாவின் சேலைகள் வந்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி அப்போது மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இது தீவாளிக்கு எடுத்தது. இது உங்க வளைகாப்புக்குக் கட்டுனது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மாவோடு கடைசி வரை இருந்தவர் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று சேலைகளை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டை அவரிடம் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள், குக்கர் விசில் கேட்டு அண்ணி எழுந்து போன நேரம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்த காலத்துப் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தேன். என் சான்றிதழ் நகல்களுக்கு நடுவே வேறு இரண்டு தாள்கள் இருந்தன. ஒரிஜினல். பிளஸ் டூ மார்க் ஷீட், ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. பெயர்: மகேஸ்வரி.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். நான் ஊரை விட்டுக் கிளம்பிய வருடம் அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகம் வந்தது. ஒரிஜினலோடு வரச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து காந்திபுரம் போய் ஜெராக்ஸ் எடுத்தோம். டவுன் பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய ஒரிஜினல் இல்லை. "பஸ்ல உங்க கையில குடுத்தேனே அண்ணி" என்றேன் நான். அவர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, பத்திரிகையில் விளம்பரம் போட்டு, தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, டூப்ளிகேட் வாங்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. பிறகு, இப்போது ஹாஸ்டலில் படிக்கும் மகன் பிறந்தான். அதோடு போயிற்று. "சர்டிபிகேட்டையே பஸ்ல விட்டவ" என்று அண்ணன் விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. நானும் சிரித்திருக்கிறேன்.

பழைய பேப்பர் மூட்டை பக்கத்திலேயே வாய் திறந்து இருந்தது. அதில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போடலாம் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், கை அந்தப் பக்கம் போனது. அப்புறம் அந்த நாற்காலியையும் பாதி உரித்த வெங்காயத்தையும் பார்த்தேன்.

அண்ணி திரும்பி வந்தார். "அண்ணி, இது உங்களுது" என்று நீட்டினேன்.

முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் படித்தார்.

"எங்க இருந்துச்சுங்க?"

"என் ஃபைல்ல. உங்ககிட்டக் குடுத்தேன்னு சொன்னேன். குடுக்கல."

"பொய் சொன்னீங்களா அம்மணி?"

"சத்தியமா இல்ல அண்ணி. குடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் வாங்குன மாதிரியேதானுங்க ஞாபகம். நீங்க அத்தனை உறுதியாச் சொன்னீங்க. ஜன்னலோரம் உக்காந்து வாங்கி, மடியில வெச்சு, கணபதி ஸ்டாப்பிங்ல எந்திரிக்கறப்ப நழுவ உட்டுட்டேன்னு... அப்புடியே கண்ணுல நிக்குது. நடக்காததுங்களா அது?" பிறகு விரலால் ஒரு வரியைத் தொட்டார். "கணக்குல நூத்தி எம்பத்தாறு."

அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து, தாள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அண்ணன் வேலையாக இருந்தார். அண்ணி அவர் முன்னால் தாள்களை நீட்டி, லேத் நிற்கும் வரை காத்திருந்தார்.

"என்ன புள்ள இது?"

"பஸ்ல உட்டதுங்க. திரும்பி வந்திருக்குது."

அண்ணன் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடியே நின்றார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தனை வருசமா நான்..."

"ஆமாங்க" என்றார் அண்ணி. "இத்தனை வருசமா."

மறுநாள் காலை அண்ணி வரமாட்டார் என்றே நினைத்தேன். அறையில் நின்றேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவரைக்காய்.

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. எடுங்க" என்றார்.

6

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அண்ணனே காரில் போய் மாமாவைக் கூட்டி வந்தார். வேலை நாளில் பட்டறை மூடி நான் பார்த்ததில்லை. மாமாவை வாக்கரோடு மெல்ல நடத்தி அறைக்குள் கொண்டு போனோம். கட்டில், ஒரு மேசை, ஜன்னல். ஜன்னலை நான் அன்று காலைதான் துடைத்திருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிப்போடறேன். அந்த சர்டிபிகேட்ட மகேசு தொலைக்கல. எங்க ஊட்டுலயேதான் இருந்துச்சு. நாந்தான் தெரியாம பேசிட்டிருந்தேன்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. நானே சொன்னேன். உள்ளே கட்டிலிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "எம்புள்ள ஒரு பொருளைத் தொலைக்கறவ இல்லீன்னு நான் அப்பவே சொன்னனுங்களே!"

அண்ணி சமையலறைக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றேன்.

அந்தப் பதினான்கு டப்பாக்களில் பதின்மூன்றைத் திருப்பிக் கொடுக்க மிதுனாதான் போனாள், அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து. கடைக்காரர் பணம் தரமாட்டேன் என்றாராம். தெருக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்தாள்.

7

இப்போது சனிக்கிழமைகளில் இங்கே காலை ஒன்பது மணிக்கு அண்ணி வீடியோவில் கூப்பிடுகிறார். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார். நான் என் வீட்டில் ஒரு மூலையை எடுத்துக்கொள்வேன். ஒரு வாரம் அலமாரிப் பை. ஒரு வாரம் மாடிப்படி. மிதுனாவின் ஓ.சி.ஐ. அட்டை ஒரு பழைய கோட்டின் உள்பையில் கிடைத்தது. பேச்சு அதிகம் இருக்காது. சில சமயம் மாமா இருமுவது கேட்கும். சில சமயம் பிள்ளைகளின் சத்தம். தெருவில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு அண்ணி கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். டீச்சர் என்று அவர்கள் கூப்பிடுவது இங்கே வரை கேட்கிறது.

வீடு சுத்தமாகிவிட்டது என்று சொன்னால் பொய். நல்ல வாரங்களும் மோசமான வாரங்களும் உண்டு. போன மாதம் மிதுனா ஒரு தோழியை அழைத்து வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. சோபாவில் துணிக் குவியல் இருந்தது. அந்தப் பெண் அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள்.

இன்று காலை கவரைப் பிரித்ததும் அண்ணியிடம் காட்டினேன். "இருபத்தெட்டாம் தேதி வீடு பாக்க வர்றாங்க அண்ணி."

"வரட்டுமுங்க. இன்னும் மூணு சனிக்கெழம இருக்குதுல்ல."

என்னை மன்னித்துவிட்டேன் என்று அண்ணி இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இன்று போனை வைக்கப் போகும்போது, அவராகவே கேட்டார்.

"டிசம்பர்ல வாரீங்களா அம்மணி?"

"வாரேன் அண்ணி. நான் ஹால்ல படுத்துக்கறேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"ஹால்ல எதுக்குங்க?" என்றார். "எங்கூடப் படுத்துக்கங்க. உங்கொண்ணன் ஹால்ல படுக்கட்டும்."